அப்கிரேடு டிவிடியை வைத்துக் காலி எஸ்எஸ்டியில் விண்டோஸ் 7: கீ ஏன் ஏற்கவில்லை, என்ன செய்யலாம்

கேள்வியின் சுருக்கம்: கும்பகோணத்தில் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக் அடிக்கும் சிறிய அச்சகம். விண்டோஸ் எக்ஸ்பி ஓடிக்கொண்டிருந்த டிசைன் கணினியின் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. புதிதாக 240 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி, முன்பே காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த விண்டோஸ் 7 புரொஃபஷனல் அப்கிரேடு டிவிடியைப் போட்டு ஏற்றியாகிவிட்டது. விண்டோஸ் நன்றாக வருகிறது. உரிமத்துக்கான புராடக்ட் கீயை மட்டும் ஏற்கவில்லை. எக்ஸ்பி சிடியைக் காட்டினால் போதும் என்கிறார் ஒருவர், கிராக் (கீ சோதனையை ஏமாற்றும் திருட்டு நிரல்) போட்டுவிடலாம் என்கிறார் இன்னொருவர். பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரும் பழைய தமிழ் எழுத்துருக்களும் ஓடியாக வேண்டும், ஆவணி முகூர்த்த ஆர்டர்கள் காத்திருக்கின்றன.

பதில்:

உங்கள் டிவிடியில் குறை இல்லை. கீயும் கெட்டுப்போகவில்லை. திரையில் வரும் பிழை எண் 0எக்ஸ்சி004எஃப்061 என்றால், அது சொல்வது ஒன்றுதான்: இந்தக் கீ மேம்படுத்துவதற்கு மட்டுமே, காலி டிஸ்க்கில் புதிதாக ஏற்றுவதற்கு இல்லை. அதைச் சரிசெய்ய, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரே ஒரு இலக்கத்தை மாற்றி, ஒரு கட்டளை கொடுத்தால் போதும். கிராக் பக்கமே போகாதீர்கள். அவற்றில் பல, விண்டோஸ் எழும்பும் முதல் கட்டத்திலேயே கை வைப்பவை. கூடவே என்ன நுழைகிறது என்று யாருக்கும் தெரியாது. காசு கொடுத்து வாங்கிய கீ கையில் இருக்கும்போது அதற்கு அவசியமே இல்லை.

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் பாதி தவறு நடக்காது.

விண்டோஸ் 7 வெளிவந்தது 2009 அக்டோபர் 22 அன்று. முழுப் பெட்டியிலும் அப்கிரேடு பெட்டியிலும் டிவிடிக்குள் இருக்கும் விண்டோஸ் ஒன்றேதான்; வித்தியாசம் 25 எழுத்துக் கீயில் இருக்கிறது. செட்அப் தொடங்கும்போது, தான் ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு விண்டோஸுக்குள்ளிருந்து கிளப்பப்பட்டதா, அல்லது டிவிடியிலிருந்து நேரடியாக எழும்பியதா என்பதைக் குறித்துக்கொள்கிறது. டிவிடியிலிருந்து எழும்பி, காலி டிஸ்க்கில் ஏறினால் அந்தக் குறிப்பு 1. பிறகு கீயைக் கொடுக்கும்போது, அது அப்கிரேடு கீயாக இருந்தால், இந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டு மறுக்கிறது. டிஸ்க் செத்துப்போய் புது டிஸ்க் போட்டவரையும், பழைய விண்டோஸே இல்லாதவரையும் அந்தச் சோதனையால் வேறுபடுத்தத் தெரியாது. நீங்கள் முதல் வகை.

எக்ஸ்பி சிடியைக் காட்டும் யோசனை எங்கிருந்து வந்தது என்றால், அது எக்ஸ்பி காலத்து உண்மை. எக்ஸ்பியின் அப்கிரேடு சிடியைக் காலி டிஸ்க்கில் போட்டால், பழைய விண்டோஸ் 98 அல்லது 2000 சிடியை ஒரு முறை செருகு என்று கேட்கும். செருகினால் திருப்தியடைந்து மேலே போகும். விஸ்டாவிலேயே அந்த வழியை எடுத்துவிட்டார்கள். விண்டோஸ் 7 செட்அப் எந்தச் சிடியையும் கேட்காது, கொடுத்தாலும் பார்க்காது.

உரிமை விஷயத்தில் தெளிவாக இருங்கள். அப்கிரேடு பெட்டி என்பது, எக்ஸ்பி அல்லது விஸ்டா உரிமம் ஏற்கெனவே வைத்திருப்பவருக்குக் குறைந்த விலையில் விற்கப்பட்டது. உங்கள் கணினியின் பெட்டியில் எக்ஸ்பி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, மதர்போர்டும் அதேதான், மாறியது டிஸ்க் மட்டும் என்பதால் நீங்கள் உரிமையோடுதான் செய்கிறீர்கள். அந்த ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள். அதே எக்ஸ்பியை இனி வேறு கணினியில் ஏற்றவும் கூடாது. அது விண்டோஸ் 7 உரிமத்தோடு சேர்ந்துவிட்டது. எக்ஸ்பியே இல்லாத கணினிக்குக் கீழே சொல்லும் வழி வேலை செய்யும், ஆனால் உரிமம் ஆகாது.

அடுத்து, உங்களிடம் இருப்பது உண்மையிலேயே அப்கிரேடு பெட்டிதானா என்று பாருங்கள். எனிடைம் அப்கிரேடு என்று வேறொன்றும் விற்றார்கள். அதில் டிவிடி இருக்காது, கீ மட்டும்தான். ஏற்கெனவே ஓடும் விண்டோஸ் 7இன் ஸ்டார்ட்டர், ஹோம் பேசிக் போன்ற கீழ்ப் பதிப்பை மேல் பதிப்பாக்குவதற்கு மட்டுமே அது உதவும். அந்தக் கீயைக் கொண்டு புதிதாக ஏற்றவே முடியாது.

ஏற்கெனவே ஏற்றியதை அப்படியே வைத்துக்கொண்டும் சரிசெய்யலாம். ஆனால் அவசரத்தில் ஏற்றியிருப்பீர்கள் என்பதால், சில விஷயங்களைச் சரிபார்த்து மறுபடி ஒரு முறை ஏற்றுவதே நல்லது என்பது என் கருத்து. எஸ்எஸ்டியில் அரை மணி நேர வேலை. வருடக்கணக்கில் ஓடப்போகும் கணினிக்கு அது அதிகமில்லை.

ஏற்றுவதற்கு முன்

32 பிட்டா 64 பிட்டா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பெட்டியில் இரண்டு டிவிடியும் இருக்கும், ஒரே கீ இரண்டுக்கும் பொருந்தும், ஆனால் ஒன்றில்தான் பயன்படுத்தலாம். உங்கள் வேலைக்கு 32 பிட். பழைய தமிழ் விசைப்பலகை மென்பொருள்கள், அவற்றின் இன்ஸ்டாலர்கள், பேரலல் போர்ட் டாங்கிள்களின் (மென்பொருள் ஓடுவதற்காகச் செருகும் பூட்டுச் சாவி போன்ற சிறு கருவி) டிரைவர்கள் பெரும்பாலும் 32 பிட்டிலோ அதற்கும் முந்திய 16 பிட்டிலோ எழுதப்பட்டவை. 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல் ஓடவே ஓடாது. 32 பிட் டிரைவரும் ஏறாது. 32 பிட்டில் 4 ஜிபி ராம் போட்டாலும் சுமார் மூன்றேகால் ஜிபிதான் கைக்கு வரும். பேஜ்மேக்கருக்கு அது தாராளம். 

கணினியை எழுப்பும் அடிப்படை நிரலான பயாஸுக்குள் போய்த் தேதியைப் பாருங்கள். இவ்வளவு பழைய போர்டில் சிஆர்2032 பேட்டரி செத்திருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் தேதி பழைய வருடத்துக்குத் திரும்பினால், ஆக்டிவேஷன் (கீயை மைக்ரோசாஃப்டிடம் உறுதிசெய்துகொள்வது) 0எக்ஸ்80072எஃப்8எஃப் என்ற பிழையோடு நின்றுவிடும். பிரவுசரில் பெரும்பாலான தளங்கள் திறக்காது. பேட்டரி எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும். முதலில் அதை மாற்றிவிடுங்கள்.

அதே பயாஸில் டிஸ்க்கோடு பேசும் சாட்டா முறை ஐடிஇ என்று இருக்கிறதா, ஏஹெச்சிஐ என்று இருக்கிறதா பாருங்கள். எக்ஸ்பி ஓடிய கணினியில் ஐடிஇ என்றுதான் வைத்திருப்பார்கள், ஏனென்றால் எக்ஸ்பி சிடியில் ஏஹெச்சிஐ டிரைவர் கிடையாது. விண்டோஸ் 7இல் இருக்கிறது, எஸ்எஸ்டிக்கும் அதுவே உகந்தது. எனவே ஏற்றுவதற்கு முன்பே மாற்றுங்கள். ஏற்றிய பிறகு மாற்றினால் 0எக்ஸ்7பி என்ற நீலத்திரைதான் வரும். ஆனால் நம் ஊர்க் கடைகளில் ஏராளமாக விற்ற ஜி31, ஜி41 போர்டுகளில் பெரும்பாலும் ஐசிஹெச்7 என்ற சில்லுதான். அதில் ஏஹெச்சிஐ என்ற தேர்வே இருக்காது. தேடி அலைய வேண்டாம், ஐடிஇயிலேயே விடுங்கள், வேலை நடக்கும்.

எஸ்எஸ்டியைத் தவிர மற்ற எல்லா டிஸ்க்குகளின் சாட்டா கேபிளையும் கழற்றிவிடுங்கள். பழைய ஹார்டு டிஸ்க் அரைகுறை உயிரோடு இணைந்திருந்தால், செட்அப், விண்டோஸ் எழும்புவதற்கான கோப்புகள் உள்ள தன் 100 எம்பி சிஸ்டம் ரிசர்வ்டு பகுதியை அதில் கொண்டுபோய் வைக்கக்கூடும். பிறகு அந்த டிஸ்க்கை எடுத்தால் எஸ்எஸ்டி மட்டும் எழும்பாது. "நேற்று வரை ஓடியது, பழைய டிஸ்க்கைக் கழற்றினேன், வரவில்லை" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

டிரைவர்களை முன்கூட்டியே வேறு கணினியில் இறக்கிப் பென்டிரைவில் வையுங்கள். குறைந்தது நெட்வொர்க் கார்டு டிரைவராவது வேண்டும். அது இல்லாவிட்டால் மற்றதை இறக்கவே வழியில்லை. கூடவே பிரிண்டர் டிரைவர், டாங்கிள் இருந்தால் அதன் விண்டோஸ் 7 டிரைவர். பழைய டிஸ்க் இன்னும் படிக்கிறது என்றால் எழுத்துருக் கோப்புகள், பேஜ்மேக்கர் கோப்புகள், விசைப்பலகை மென்பொருளின் மூல இன்ஸ்டாலர் ஆகியவற்றை முதலில் வெளியே எடுங்கள்.

பிறகு கரண்ட். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் இதைத் தொடாதீர்கள். எந்தப் பகுதிக்கு என்று பகல் மின்தடை முன்னதாகவே செய்தித்தாளில் வந்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை மாலைகளிலும் வேண்டாம். காலி டிஸ்க்கில் ஏறும்போது கரண்ட் போனால் பெரிய இழப்பு இல்லை, முதலிலிருந்து தொடங்கலாம். பின்னால் சொல்லும் இரண்டாவது வழியில் பாதியில் போனால்தான் குழப்பம். யுபிஎஸ்ஸில் பேட்டரி நிற்கிறதா என்று பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

டிவிடியின் நிலையையும் பாருங்கள். டெல்டாவின் ஈரக்காற்றில் பத்துப் பன்னிரண்டு வருடம் அலமாரியில் கிடந்த டிவிடியில் படலம் படிந்திருக்கலாம். மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். ஏற்றும்போது 0எக்ஸ்80070570 என்று, கோப்பு சிதைந்துள்ளது அல்லது இல்லை என்ற பிழை வந்தால் சந்தேகம் மூன்று: டிவிடி, டிரைவின் லென்ஸ், ராம். ராமைக் கழற்றிப் பொன்னிறக் காலை ரப்பரால் துடைத்துப் போடுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால், நன்றாகப் படிக்கும் வேறொரு டிரைவில் டிவிடியை ஐஎஸ்ஓ கோப்பாக (முழு டிவிடியின் ஒற்றைக் கோப்பு நகல்) எடுத்து, ரூஃபஸ் போன்ற கருவியால் பென்டிரைவில் ஏற்றுங்கள். அந்தப் பென்டிரைவை யுஎஸ்பி 2 துளையில்தான் செருக வேண்டும். விண்டோஸ் 7 செட்அப்பில் யுஎஸ்பி 3 டிரைவர் இல்லாததால், நீலத் துளையில் செருகினால் சிடி டிவிடி டிரைவர் காணவில்லை என்று நிற்கும். அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு டிவிடி டிரைவை மாற்றுபவர்கள் உண்டு. மாற்ற வேண்டியது துளையை.

ஏற்றுதல்

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி வைத்துவிட்டு டிவிடியிலிருந்து எழுப்புங்கள். முதல் திரையில் நேரம், நாணயம் என்ற இடத்தில் இங்கிலீஷ் இந்தியா. விசைப்பலகை யுஎஸ் என்றே இருக்கிறதா பாருங்கள். இன்ஸ்டால் நவ், உரிம ஒப்பந்தம், பிறகு அப்கிரேடு, கஸ்டம் என்று இரண்டு தேர்வு வரும். பெட்டியின் மேல் அப்கிரேடு என்று எழுதியிருப்பதால் பலர் முதலாவதை அழுத்துவார்கள். டிவிடியிலிருந்து எழும்பியபோது அது வேலை செய்யாது. கஸ்டம் அழுத்துங்கள்.

டிஸ்க் திரையில் டிரைவ் ஆப்ஷன்ஸ் போய், எஸ்எஸ்டியில் இப்போது இருக்கும் எல்லாப் பார்ட்டிஷனையும் நீக்கி, "அன்அலகேட்டட்" என்று ஒரே துண்டாகக் காட்டும்வரை கொண்டுவாருங்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சிலர், அப்கிரேடு கீக்காக முதலில் எஸ்எஸ்டியில் எக்ஸ்பியை ஏற்றி, அதற்குள்ளிருந்து விண்டோஸ் 7 செட்அப்பை ஓட்டச் சொல்வார்கள். கீ ஏற்கும், சந்தேகமில்லை. நிறுவனம் எதிர்பார்த்த வழியும் அதுதான். ஆனால் எக்ஸ்பி தன் பார்ட்டிஷனை 63ஆவது செக்டரில் தொடங்கும். எஸ்எஸ்டியின் உள் கட்டங்களோடு அது ஒட்டாது. டிஸ்க்கில் எழுதும்போதெல்லாம் ஒன்றுக்கு இரண்டு கட்டத்தைத் தொட நேர்ந்து வேகமும் ஆயுளும் குறையும். விண்டோஸ் 7 உருவாக்கும் பார்ட்டிஷன் சரியாக 1 எம்பி எல்லையில் தொடங்கும். எக்ஸ்பிக்குள்ளிருந்து செட்அப்பை ஓட்டினால் பார்ட்டிஷனை நீக்கவோ ஃபார்மேட் செய்யவோ அது விடாது; பழைய கோப்புகளை விண்டோஸ் டாட் ஓல்டு என்ற ஃபோல்டருக்குள் தள்ளிவிட்டு அதே கோணலான பார்ட்டிஷனில்தான் ஏறும். சாதாரண ஹார்டு டிஸ்க்கில் எக்ஸ்பி உயிரோடு இருப்பவருக்கு அந்த வழி எளிது. உங்களுக்கு வேண்டாம்.

நியூ அழுத்தி அளவு கொடுங்கள். விண்டோஸுக்கும் மென்பொருளுக்கும் 100 ஜிபி, மீதியைப் பிறகு டி டிரைவாக்கி வேலைக் கோப்புகளுக்கு வைத்தால், பின்னால் இமேஜ் (விண்டோஸின் முழு நகல்) எடுக்கும்போது சிறியதாக இருக்கும். 100 எம்பி சிஸ்டம் ரிசர்வ்டு பகுதியை அதுவே உருவாக்கும், அதைத் தொடாதீர்கள். இரண்டாவது பகுதியைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட்.

பயனர் பெயர் கொடுத்த பிறகு கீ கேட்கும் திரை வரும். அங்கே எதையும் அடிக்காதீர்கள். "ஆன்லைனில் இருக்கும்போது தானாக ஆக்டிவேட் செய்" என்ற கட்டத்தின் டிக்கை எடுத்துவிட்டு வெறுமனே நெக்ஸ்ட். கீ இல்லாமலே 30 நாள் ஓடும். அடுத்து வரும் அப்டேட் கேள்விக்கு "பிறகு கேள்" என்று கொடுங்கள். அப்டேட் பாதி ஏறி ரீஸ்டார்ட்டுக்குக் காத்திருக்கும் நிலையில் அடுத்த படி ஒழுங்காக நடக்காது. நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கச் சொன்னதும் அதற்காகத்தான்.

கீயை ஏற்கச் செய்தல்

டெஸ்க்டாப் வந்ததும் ஸ்டார்ட் மெனுவில் ரெஜ்எடிட் என்று தேடித் திறங்கள். இடப்பக்கம் எச்கீ லோக்கல் மெஷின், அதற்குள் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட்வெர்ஷன், செட்அப் என்று ஒவ்வொன்றாக இறங்கி, கடைசியாக ஓஓபிஇ என்ற நான்கெழுத்து ஃபோல்டருக்கு வாருங்கள். வழியில் விண்டோஸ், விண்டோஸ் என்டி என்று இரண்டு அடுத்தடுத்து இருக்கும். என்டி இல்லாததுதான் சரி. வலப்பக்கம் மீடியாபூட்இன்ஸ்டால் என்று இடைவெளியே இல்லாத ஒரே சொல்லாக ஒரு வரி இருக்கும். இரட்டைக் கிளிக் செய்தால் மதிப்பு 1 என்று காட்டும். 0 ஆக்கி ஓகே. டிவிடியிலிருந்து எழும்பினேன் என்ற குறிப்பு இதுதான்.

இத்தோடு கீயை அடித்தால் சிலருக்கு மறுபடியும் அதே பிழை வரும். உரிமப் பகுதி தன் பழைய முடிவை வைத்துக்கொண்டிருப்பதே காரணம். அதை மறக்கச் செய்ய வேண்டும். ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று தேடி, வலது கிளிக் செய்து "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுத்துக் கறுப்புத் திரையைத் திறங்கள். சும்மா திறந்தால் அனுமதி மறுக்கும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து எழுத்தையும் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி, பிறகு முன்சாய்வுக் கோடு, அதை ஒட்டி ரீஆர்ம் (ஆர், இ, ஏ, ஆர், எம்) என்ற சொல். என்டர். சில நொடிகளில், முடிந்தது, ரீஸ்டார்ட் செய் என்று சிறு பெட்டி வரும். வரும்வரை பொறுங்கள். ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

திரும்பி வந்ததும் நெட்வொர்க் கேபிளைச் செருகி, கம்ப்யூட்டர் ஐகானின் பிராப்பர்ட்டீஸ் திரையின் அடியில் சேஞ்ச் புராடக்ட் கீ. அங்கே 25 எழுத்தையும் அடியுங்கள். பழைய அட்டையில் 8, பி இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பெரும்பாலோருக்கு இந்த இடத்திலேயே வேலை முடிந்துவிடும்.

இந்த ரீஆர்ம் கட்டளையை விண்டோஸ் 7இல் மூன்று முறைதான் கொடுக்கலாம். தவறு எங்கே என்று பார்க்காமல் திரும்பத் திரும்ப அடித்துத் தீர்த்துவிடாதீர்கள். அதே ஐந்தெழுத்தோடு சாய்வுக் கோடு போட்டு டிஎல்வி என்று கொடுத்தால் எத்தனை முறை மீதி, கீ எந்த வகை, ஆக்டிவேட் ஆகிவிட்டதா என்று எல்லாம் ஒரே பெட்டியில் வரும்.

கீயை ஏற்றுக்கொண்ட பிறகும் ஆன்லைனில் ஆக்டிவேட் ஆகவில்லை என்றால் தொலைபேசி வழி இருக்கிறது. ஸ்டார்ட்டில் எஸ்எல்யுஐ என்று அடித்து, இடைவெளி விட்டு 4 என்று கொடுங்கள். நாட்டில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தால் எண்ணையும், ஆறாறு இலக்கமாக ஒன்பது தொகுதியையும் காட்டும். முன்பு அந்த 54 இலக்கத்தையும் போனில் அழுத்தினால், 48 இலக்கம் எட்டுத் தொகுதியாகத் திரும்ப வந்தது; இப்போது அந்த எண் மைக்ரோசாஃப்டின் இணையதளத்துக்கு அனுப்பக்கூடும், அப்படியானால் அதே இலக்கங்களை அங்கே கொடுங்கள். ஒருவர் கேட்டுச் சொல்ல, ஒருவர் அடித்தால் பிழை வராது.

ரெஜிஸ்ட்ரி வழி எதனாலோ ஒத்துவரவில்லை என்றால் இரண்டாவது வழி: கீ இல்லாமல் ஏற்றிய இதே விண்டோஸுக்குள் இருந்துகொண்டு, அதே டிவிடியைச் செருகி, செட்அப்பை ஓட்டி, இந்த முறை அப்கிரேடு என்பதைத் தேர்ந்தெடுங்கள். தன்மேல் தானே ஏறிக்கொள்ளும். செட்அப் விண்டோஸுக்குள்ளிருந்து கிளம்பியதால் கீ ஏற்கும். இதற்கு முதல் முறையைவிட அதிக நேரம் பிடிக்கும். சர்வீஸ் பேக் 1 என்ற பெரிய அப்டேட் தொகுப்பைப் போடுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும்; டிவிடி 2009ஆம் ஆண்டு அச்சாக இருந்து, உள்ளே சர்வீஸ் பேக் 1 ஏறியிருந்தால், இருப்பது டிவிடியைவிடப் புதியது என்று மறுத்துவிடும்.

ஆக்டிவேட் ஆன பிறகு

விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14 அன்று நின்றுவிட்டது. இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கணினி டிசைனுக்கும் பிரிண்டுக்கும் மட்டும் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வரும் பத்திரிகை வாசகம், புகைப்படம், மின்னஞ்சல், வங்கி எல்லாம் வேறு கணினியிலோ கைப்பேசியிலோ நடக்கட்டும். கோப்பைப் பென்டிரைவில் கொண்டுவாருங்கள், அதற்கென ஒரே பென்டிரைவை ஒதுக்கி, ஆட்டோபிளேயை அணைத்து வையுங்கள். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவை நேரே இதில் செருகுவதுதான் அச்சகங்களில் வைரஸ் நுழையும் முக்கிய வாசல்.

இருக்கும் அப்டேட்களையாவது போட்டுவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்திலிருந்து வேறு கணினியில் இறக்கிக்கொண்டு, இந்த வரிசையில்: சர்வீஸ் பேக் 1 ஆன கேபி976932, பிறகு கேபி3020369, பிறகு 2016 வரையிலான பெரும்பாலான அப்டேட்களை ஒன்றாகத் திரட்டிய கேபி3125574, பிறகு கேபி4490628, கேபி4474419. கடைசி இரண்டும் 2019இல் வந்தவை. அவை இல்லாவிட்டால் அதற்குப் பிந்தைய அப்டேட்களின் டிஜிட்டல் கையொப்பத்தை விண்டோஸ் 7 அடையாளம் கண்டுகொள்ளாது. கேட்டலாக்கில் எக்ஸ்86 என்று இருப்பதே 32 பிட். பிரவுசர் தேவைப்பட்டால், விண்டோஸ் 7இல் ஓடும் கடைசி குரோம் 109. ஃபயர்ஃபாக்ஸில் 115 இஎஸ்ஆர் வரிசை.

பேஜ்மேக்கரைப் பற்றிச் சுருக்கமாக. 2001இல் வந்த 7ஆம் பதிப்பு விண்டோஸ் 7க்காகச் செய்யப்பட்டதல்ல. இன்ஸ்டாலரையும் பிறகு நிரலையும் வலது கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டுங்கள். இல்லாவிட்டால் அது தன் ஃபோல்டரில் எழுதுவதை விண்டோஸ் ரகசியமாக வேறு இடத்துக்குத் திருப்பிவிடும்; அமைப்புகள் மறந்துபோனதுபோல் தோன்றும். முதலில் ஒரு பிரிண்டரை இயல்புநிலையாக நிறுவிவிட்டுத்தான் பேஜ்மேக்கரைத் திறக்க வேண்டும். பழைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தவை என்பதால், ரீஜன் அமைப்பில் யூனிகோட் அல்லாத நிரல்களுக்கான மொழி ஆங்கிலமாகவே இருக்கட்டும். வேறு மொழிக்கு மாற்றினால், ஆங்கில எழுத்துகளுக்கு மேற்பட்ட குறியீட்டு எண்களில் வைத்த எழுத்துகள் சிதறும்.

விண்டோஸ் 10க்குப் போகலாமே என்று கேட்பீர்கள். 2015இலிருந்து பல வருடம் விண்டோஸ் 7 கீயையே விண்டோஸ் 10இல் கொடுக்க முடிந்தது. 2023 செப்டம்பரில் அந்த வழியை மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இந்தப் போர்டில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். எனவே இந்தக் கணினிக்கு விண்டோஸ் 7, இணையம் இல்லாமல், என்பதே பொருத்தம். புதிதாக ஒரு கணினி வாங்கும் காலத்தில் யூனிகோட் எழுத்துருக்களுக்கு மாறத் தொடங்குங்கள். பழைய கோப்புகளைத் திறக்க இது பக்கத்தில் இருக்கும்.

கடைசி வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். எல்லாம் நிறுவி, ஆக்டிவேட் ஆகி, ஒரு பத்திரிகை பிரிண்ட் எடுத்துப் பார்த்த அன்றே, கண்ட்ரோல் பேனலில் பேக்அப் அண்ட் ரீஸ்டோர் போய், கிரியேட் எ சிஸ்டம் இமேஜ் கொடுத்து வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்துவிடுங்கள். அந்த வெளி டிஸ்க் என்டிஎஃப்எஸ் ஃபார்மேட்டில் இருக்க வேண்டும். பென்டிரைவை அது ஏற்காது. அடுத்த முறை எஸ்எஸ்டி போனால், உங்கள் அப்கிரேடு டிவிடியிலிருந்தே எழுப்பி, இன்ஸ்டால் திரையின் அடியிலுள்ள ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர் வழியாக இந்த இமேஜைத் திருப்பி ஏற்றலாம். மதர்போர்டு அதேதான் என்றால் எழுத்துரு, மென்பொருள், ஆக்டிவேஷன் அனைத்தும் பெரும்பாலும் அப்படியே வந்துவிடும்; ரெஜிஸ்ட்ரி வேலை எதுவும் மறுபடி தேவைப்படாது. புது டிஸ்க் பழையதைவிட ஒரு சொட்டுக்கூடச் சிறியதாக இருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. இரண்டு கம்பெனி 240 ஜிபி டிஸ்க்குகளின் உண்மை அளவு சில சமயம் வேறுபடும், ஆகவே அப்போது 256 ஜிபியாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.